கண்டக்டர் சொன்ன 'காலனி'

இன்று மாலை சிதம்பரத்தில் கடலூர் பஸ் ஏறினேன். கூடவே, கடலூர் வரை போகும் ரேவதி. எங்கள் ஆபீசுக்குப் புதிதாக வந்திருக்கும் சென்னைப் பெண்.

"அன்பு நகர் ஒண்ணு குடுங்க" என்றேன்.

கண்டக்டர், "காலனியா?" என்றார்.

"அன்பு நகர். அதான் பேரு." குரல் கொஞ்சம் ஏறிவிட்டது.

ரேவதிக்குப் புரியவில்லை. "இதுக்கு ஏன் கோவப்படுறீங்க? எங்க வீடும் காலனிதான். தெருமுனையில போர்டே இருக்கு."

"உங்க ஊர்ல அது அட்ரஸ். இங்க ஊர் வேற, காலனி வேற. அந்தப் பேர வச்சே எங்க சாதியத் தெரிஞ்சிக்குவாங்க."



அந்த நேரம் பார்த்துத் தம்பி போன் செய்தான். எங்கே வருகிறேன் என்று கேட்டான்.

"காலனிக்குத்தான்டா வந்துக்கிட்டிருக்கேன்" என்றேன். வீட்டுப் பழக்கம்.

கண்டக்டர் சட்டென்று திரும்பினார். "இப்ப நீங்களே சொல்றீங்களேம்மா?"

பாதி பஸ் என்னைப் பார்த்தது.

"எங்க வீட்ல என்னைக் கருப்பின்னுதான் கூப்புடுவாங்கண்ணே. நீங்க அப்புடிக் கூப்புடுவீங்களா?"

அவர் முன்பக்கம் போய்விட்டார். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

ஸ்டாப் வந்தது. விசில் அடித்துவிட்டு, "அன்பு நகர்லாம் எறங்கு!" என்று சத்தமாகக் கூவினார்.

மனசு நிறைந்துவிட்டது, நிஜமாகவே.

ஆனால் பின்சீட்டில் இருந்த எங்கள் தெரு செல்வி அக்கா எழுந்திருக்கவே இல்லை. நான்தான் கூப்பிட்டு இறக்கினேன்.

"ஏண்டி, ஸ்டாப் பேர மாத்திட்டானுவளா?" என்கிறார்.

உங்கள் பக்கத்தில் 'காலனி' என்றால் என்ன அர்த்தம்? கமெண்ட்டில் சொல்லுங்கள். சென்னைக்காரர்கள் மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொல்லவும்.