கொலைகாரியை யாரும் நம்பவில்லை

அந்தப் படத்தில் நான் பிணம். மூன்றாவது நிமிடத்தில் செத்துப்போனேன். அதற்குப் பிறகு வேறு வேலை இல்லாததால் கடைசிவரை மைக் பிடித்தேன். ஆகவே நான் சொல்வதை ஓரளவு நம்பலாம்.

எங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் மூன்று கடைகள். ஒன்றில் நான் கண்ணாடி வெட்டுகிறேன். அடுத்ததில் ஒரு தம்பி பாஸ்போர்ட் போட்டோ எடுக்கிறான். மூன்றாவது கடை ஊசியக்காவுடையது. பேண்ட் நீளம் குறைப்பது, இடுப்பைப் பிரித்து விடுவது, ஜிப் மாற்றுவது என்று இருபத்தாறு வருடமாக அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர். கழுத்துப் பக்கம் துணியில் எப்போதும் நூல் கோத்த ஊசி ஒன்று குத்தியிருக்கும். பெயர் வந்தது அப்படித்தான். சொந்தப் பெயரை நானும் கேட்டதில்லை.

சுபாவத்தில் வாயில்லாப் பூச்சி. ஐந்து மணிக்குக் கொடுக்கிறேன் என்றால் நாலரைக்கே வந்து நின்று கத்துகிறவனிடமும் "இதோ ஆச்சுங்க" என்பதைத் தவிர வேறு சொல் வராது. முடியாது என்று சொல்லிப் பழகாத வாய்.

போட்டோக்காரத் தம்பிக்கு மர்மப்படம் எடுக்கும் ஆசை வந்தது. கையில் காசில்லை. எனவே கடைகள் மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில், எங்கள் தாழ்வாரத்திலேயே, எங்களை வைத்தே எடுத்தான். கீழே மருந்துக்கடை வைத்திருப்பவர் இன்ஸ்பெக்டர். கொலைகாரி ஊசியக்கா.

"நான் எதுக்கு தம்பி?" என்று அக்கா பயந்துபோய்க் கேட்டார்.

"இந்தப் பூனையும் பால் குடிக்குமான்னு இருக்கணும்க்கா. உங்களைப் பார்த்தா யாருக்காவது சந்தேகம் வருமா, சொல்லுங்க."

கதைப்படி நான் ஏழு வருடமாக அவர் முகத்தில் சட்டையை வீசிவிட்டுப் போகும் வாடிக்கையாளன். கடைசியில் அவர் இன்ஸ்பெக்டரிடம் ஒப்புக்கொள்ளும் காட்சி நான்கு நிமிடம். அதை எடுக்கும்போதுதான் அந்தச் சங்கதி நடந்தது. மருந்துக்கடைக்காரரின் சட்டையில் நெஞ்சுக்கு நேரே ஒரு பட்டன் நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அக்காவால் முடியவில்லை. வசனத்தை நிறுத்தாமலே ஊசியை உருவினார். கிட்டே போய், தலையைக் குனிந்து, அவர் நெஞ்சிலேயே வைத்துத் தைக்க ஆரம்பித்தார்.

"ஏழு வருஷம் சார். ஒரு நாள்கூட பேர் கேட்டதில்லை. 'ஏய்'தான்."

கடைசியில் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். மருந்துக்கடைக்காரருக்கு முகமெல்லாம் வியர்வை. அது நடிப்பில்லை. தம்பி கேமராவை நிறுத்தவே இல்லை. எனக்கு அந்தக் காட்சி மிகவும் பிடித்தது.

படத்தை இணையத்தில் போட்டோம். கீழே எண்பத்தாறு பேர் கருத்து எழுதினார்கள்.

"பிணம் மூச்சு விடுது" என்று ஒருவர். தரையில் அவ்வளவு தூசி, நான் என்ன செய்வேன்? மற்றவர்கள் எல்லாரும் அக்காவைப் பிடித்துக்கொண்டார்கள். "இந்தம்மா எறும்பைக்கூட மிதிக்க மாட்டாங்க, இவங்க கொலை பண்ணினாங்களாம்." "எல்லாம் ஓகே, பட்டன் தைக்கிற சீன்ல சிரிச்சு வயிறு வலிச்சுது." "கொலைகாரிக்கு வேற ஆளே கிடைக்கலையா?"

அக்கா போனில் எழுத்தைப் பெரிதாக்கி ஒவ்வொன்றையும் படித்தார். வீட்டிலும் இதே கதைதான். "பல்லியைப் பார்த்தாலே கட்டில்மேல ஏறி நிப்பா, இவ கொலைகாரியாம்!" என்று புருஷன் சொல்ல, மகன்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். என்னிடம் இதைச் சொன்னபோது அவரும் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

பத்து நாள் கழித்துத் தம்பி அவர் கடை வாசலில் வந்து நின்றான்.

"தப்பா நினைக்காதீங்கக்கா. இன்ஸ்பெக்டரையே கொலைகாரரா மாத்திடறேன். பட்டன் தைக்கிறப்ப நீங்க குனிஞ்சிருக்கீங்க, வாய் தெரியாது. பழைய வசனத்தை எடுத்துட்டு ஒரே ஒரு வரி பேசிக் குடுத்தாப் போதும். 'எனக்கு ஒண்ணும் தெரியாது சார்.' அவ்வளவுதான்."

அக்கா மெஷினை நிறுத்தினார். "அந்த சீன் எனக்கு வேணும் தம்பி. நான் யார்கிட்டயும் எதுவும் கேட்டதில்லை. இதைக் கேக்கறேன்."

"எண்பத்தாறு பேர் சொல்றாங்களேக்கா."

"அந்த எண்பத்தாறு பேருக்கு என்னைப் பத்தி என்ன தெரியும்?"

தம்பி வாசலை விட்டு நகரவில்லை. நிற்கிறவனைத் திருப்பி அனுப்ப அக்காவுக்குத் தெரியாது. "சரி, ஞாயித்துக்கிழமை வரேன்," என்று மறுபடி மெஷினை மிதித்தார்.

போட்டோக்கடைச் சுவரெல்லாம் போர்வை தொங்கவிட்டு, ஃபேனை அணைத்துவிட்டு உட்கார்ந்தோம். மைக் என் கையில். புதிதாகக் கொலைகாரராகப் போகும் மருந்துக்கடைக்காரரும் ஆசையாக வந்திருந்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது சார்," என்றார் அக்கா.

"இன்னும் சாதாரணமா சொல்லுங்கக்கா."

சொன்னார். வேகமாகச் சொல்லச் சொன்னான், வேகமாகச் சொன்னார். பயந்த மாதிரி கேட்டான், பயந்தார். அழுகிற மாதிரியும் சொல்லிப் பார்த்தார். எப்படிச் சொன்னாலும் 'தெரியாது' என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு நொடி நின்றார். அந்த ஒரு நொடியில் எல்லாம் தெரிந்துவிட்டது. ஒன்பதாம் தடவை எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனைக்கும் செத்தவன் நான்.

"ஏம்மா, எனக்கே ஒரு மாதிரி இருக்கு," என்று மருந்துக்கடைக்காரர் நாற்காலியைப் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

பதினான்காவது தடவைக்குப் பிறகு தம்பி ஹெட்ஃபோனைக் கழற்றினான். "வேணும்னே பண்றீங்களாக்கா?"

"சத்தியமா இல்லை தம்பி. நீங்க சொல்றபடிதான் சொல்றேன்."

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பொய் சொல்லவில்லை.

தம்பி கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான். "இது ஆகாதுக்கா. படம் இருக்கிறபடியே இருக்கட்டும். எவன் என்ன வேணா எழுதிக்கட்டும்," என்றான். பிறகு, ஏதோ தனக்கே அப்போதுதான் புரிந்த மாதிரி, மெதுவாகச் சொன்னான்: "கொன்னது நீங்கதான்."

அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை.

"என்னால முடியும்னு நீங்களாவது நம்பினீங்களே," என்றார்.