எஞ்சினை நிறுத்தாத அண்ணன்

எங்கள் அண்ணனின் தலைத்திவசத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களே, நண்பர்களே! அண்ணனைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதச் சொன்னார் அண்ணி. நல்லதை எல்லாரும் சொல்வார்கள். எனக்கோ மனக்குறைதான் முன்னால் வந்து நிற்கிறது.

தஞ்சைச் சீமையில் பிறந்த அண்ணன், ரயில்வே வேலைக்கு வந்த அப்பாவோடு சிறுவயதிலேயே கப்பலேறிப் பிரிக்பீல்ட்ஸ் வந்து சேர்ந்தார். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துக் காய்ச்சலில் போனபின், மாட்டுவண்டியில் மூட்டை ஏற்றி என்னை வளர்த்தார், கிள்ளானில் கட்டிக்கொடுத்தார். பிறகு மோட்டார் ஓட்டக் கற்று, மளிகைக் கடையொன்றின் வேனுக்கு டிரைவரானார். பிரிக்பீல்ட்ஸில் ஏற்றிய சாமானைக் கிள்ளான் வரையில் கடை கடையாக, வீடு வீடாக இறக்க வேண்டும். கடைசியில் இறக்க வேண்டியதை முதலில் ஏற்றுவார். ரப்பர் விலை விழுந்து ஊரே தவித்த நாளிலும் அவர் கையில் ஒரு மூட்டை மாறி இறங்கியதில்லை. மண்ணெண்ணெய் வாடை அரிசியில் ஏறியதில்லை.

அந்த வேன் வாரந்தோறும் என் வாசல் வழியாகத்தான் போகும். ஹார்ன் அடிப்பார், நான் ஓடி வருவேன். எஞ்சினை மட்டும் நிறுத்தமாட்டார்.

"உள்ள வாங்கண்ணே. ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க."

"இன்னும் நாலஞ்சு எடம் இருக்கும்மா. நிறுத்துனா மறுபடியும் ஹேண்டில் சுத்தணும். திரும்புறப்ப வரேன்."

திரும்பும்போது முதலாளி காத்திருப்பார் என்பார். ஊருக்கெல்லாம் அரிசி இறக்கியவர் தங்கை வீட்டில் ஒரு பிடி சோறு உண்டதில்லை. "அந்த வேனையே கட்டிக்கிட்டு அழுங்க" என்பேன். சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

சென்ற ஆண்டு மூச்சிரைப்பு அதிகமாகவே, முதலாளி அவரை வீட்டில் ஓய்வாக இருக்கச் சொல்லிவிட்டார். மறுவாரமே அண்ணன் ரயிலேறிக் கிள்ளான் வந்திருக்கிறார். நாங்களோ நாத்தனார் மகளின் காதுகுத்துக்காக ஜெஞ்சாரோம் பக்கத்துத் தோட்டத்துக்குப் போயிருந்தோம். வீடு பூட்டிக் கிடந்தது.

மறுநாள் நாங்கள் திரும்பியதும் அடுத்த வீட்டுப் பாக்கியம் அக்கா சொன்னார்:

"நேத்து உங்கண்ணன் வந்தாரும்மா. இன்னிக்கு ஒரு எடத்துக்கும் போக வேணாம், தங்கச்சி வர்ற வரைக்கும் இருக்கேன்னு படியிலேயே உக்காந்துட்டாரு. பொழுது சாஞ்சும் நீங்க வரல. ராத்திரி ரயிலுக்குக் கெளம்புனவர நான்தான் கூப்பிட்டுச் சோறு போட்டேன். கூச்சப்படாம ரெண்டாவது தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாருலா."

அதைக் கேட்டுக்கொண்டு நிற்கும்போதே பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஆள் வந்துவிட்டது. விடியற்காலையில் அண்ணன் காலமாகிவிட்டார்.

என் வாசலில் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாரே என்பதை நினைக்காத நாளில்லை. கொடுத்துவைக்காத பாவி நான்.

இறுதிக் காரியங்களில் தோள் கொடுத்த முதலாளிக்கும், மயானம் வரை நடந்து வந்த டிரைவர்மார்களுக்கும், அவர் சாமான் இறக்கிய வீடுகளிலிருந்து வந்து கண்ணீர் விட்டவர்களுக்கும் எங்கள் குடும்பத்தார் கைகூப்புகிறோம்.

பாக்கியம் அக்காவுக்கு மட்டும் நான் தனியே சொல்ல வேண்டும். என் அண்ணனைப் பசியோடு ரயிலேற விடாமல் அனுப்பினீர்கள் அக்கா, உங்களுக்கு நன்றி. ஆனால் உங்கள்மேல் எனக்குப் பொறாமையாகவும் இருக்கிறது. அண்ணன் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டபோது, போட்டது உங்கள் கை.