உறவு இல்லாதவருக்கு ஒரு நாள்

போன வருடம் ஆடி மாதம், காஞ்சிபுரத்தில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் நெசவாளர் தெருவில் நடந்தது இது.

என் வேலையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுக் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களின் விடுப்பையும் சம்பளத்தையும் வீட்டில் இருந்தபடியே சரிபார்த்து அனுப்புகிறேன். நியூசிலாந்து நேரத்துக்கு ஏற்ற ஷிப்ட். விடிவதற்கு முன் ஹெட்போனை மாட்டினால் மதியம்தான் கழற்றுவேன். எந்த நாட்டில் யார் இறந்தால் எத்தனை நாள் விடுப்பு என்பது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. பிரான்ஸில் மாமனார், மாமியாருக்கும் சட்டப்படி உண்டு. பிரிட்டனில் சின்னப் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்கு இரண்டு வாரம். நம் ஊரில் தனியார் வேலையில் சாவுக்கென்று சட்டத்தில் தனி விடுப்பு கிடையாது, கம்பெனி மனது வைத்தால்தான். "கோயில்ல ஒரு சித்ரகுப்தர், வீட்ல ஒரு சித்ரகுப்தர்" என்று என் கணவர் கேலி செய்வார்.

எனக்கு மிகவும் பிடித்தது நியூசிலாந்துச் சட்டம்தான். உறவே இல்லாத ஒருவர் இறந்தாலும், இவருக்கு அது இழப்புதான் என்று முதலாளி ஒப்புக்கொண்டால் சம்பளத்தோடு ஒரு நாள் தருவார்கள். இறந்தவரோடு எவ்வளவு நெருக்கம், இறுதிக் காரியத்தில் பொறுப்பு உண்டா, அவர்கள் வழக்கப்படி செய்ய வேண்டிய கடமை உண்டா என்றெல்லாம் பார்க்கச் சொல்கிறது சட்டம். பக்கத்து வீட்டுக் கிழவர் இறந்துவிட்டார் என்று அங்கே ஒருவர் கேட்டதற்கு, இது நடப்பதற்கு முந்தைய வாரம்தான் கம்பெனி சார்பில் அனுமதி போட்டிருந்தேன். நாமே ஏதோ நல்லது செய்த மாதிரி அன்று முழுக்க ஒரு திருப்தி.

எங்கள் எதிர்வீட்டில் ஓர் அக்கா இருந்தார். கணவனும் மனைவியுமாகப் பட்டு நெய்பவர்கள். என் கணவர் பொழுது விடியும்போதே கம்பெனி பஸ்ஸில் போய்விடுவார், நான் ஹெட்போனுக்குள் இருப்பேன். அதனால் என் மகளுக்குத் தலை பின்னி, இட்லி ஊட்டி, பள்ளி வேனில் ஏற்றிவிடுவது அந்த அக்காதான். நாங்கள் கேட்டுச் செய்ததில்லை. ஒருநாள் குழந்தை அழுவதைக் கேட்டு வந்தவர், அதன்பிறகு தினமும் வந்தார்.

அன்று விடியற்காலையில் அவருக்கு நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டார். என் கணவர் மகளைத் தானே பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்குப் போனார். தெருவில் ஒரு தறிச் சத்தம் இல்லை. சாவு விழுந்தால், உடல் தெருவைத் தாண்டும்வரை அங்கே யாரும் தறியில் இறங்கமாட்டார்கள். ஆவணி முகூர்த்தத்துக்குச் சேலை கொடுக்க வேண்டிய அவசரத்திலும் எல்லா வீட்டிலும் நிறுத்திவிட்டார்கள். வேலை நடந்துகொண்டிருந்தது என் வீட்டில் மட்டும்தான்.

எங்கள் டீம் லீடரைக் கூப்பிட்டேன். சென்னைக்காரர், என்னைவிடச் சின்னவர்.

"அக்கா தவறிட்டாங்க பா. எனக்கு இன்னிக்கு லீவு வேணும்."

"அய்யோ. சொந்த அக்காவாமா?"

"எதிர்வீட்டு அக்கா."

"நம்ம கம்பெனில ரத்த சொந்தம், கட்ன சொந்தத்துக்குதான்மா குடுப்பாங்க. அதுவும் இன்னிக்கு சம்பளம் போட்ற நாளு. வேற ஆள் இல்லமா."

"நியூசிலாந்துல இருக்கறவங்களுக்கு நாமதான பா குடுக்கறோம்?"

"அது அந்த ஊரு சட்டம்மா. நீங்க உக்காந்துக்கினு இருக்கறது காஞ்சிபுரத்துல."

அவரைக் குறை சொல்ல மாட்டேன், குரலே தழைந்துதான் இருந்தது. லேப்டாப்பை மூடிவிட்டுப் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். ஒப்பந்த வேலை. நாளை முதல் வர வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவிடலாம். வீட்டு வாடகை என் சம்பளத்தில்தான் போகிறது. பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை, அதனால் வீட்டில் வைத்துப் பார்ப்பதுதான் கடைசி. எடுப்பதற்குள் வேலையை முடித்துவிட்டு ஓடிவிடலாம் என்று நினைத்தேன்.

பத்து மணி வாக்கில் அந்த வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தேன். அக்காவின் கணவர் ஈர வேட்டியோடு வந்து வாசலில் நின்றார். ஹெட்போனை ஒரு காதிலிருந்து விலக்கிப் பிடித்தேன்.

"வாய்க்கரிசி போட்டுக்கினு இருக்காங்கம்மா. நீயும் வந்து ரெண்டு அரிசி போட்டுட்டு போ."

என் குழந்தைக்கு ஊட்டிய கை அக்காவுடையது. அவர் வாயில் இரண்டு அரிசி போட எனக்கு எவ்வளவு ஆசை இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு விரலைக் காட்டி, ஒரு நிமிஷம் என்று ஜாடை செய்தேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

காதில் ஒருவர் பேசி முடித்ததும் இன்னொருவர் ஆரம்பித்தார். அந்த ஹெட்போன் வெளிச்சத்தம் எதையும் உள்ளே விடாது. மேளம் அடித்ததோ சங்கு ஊதியதோ எனக்குக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என் மேசை லேசாக அதிர்ந்தது. பக்கத்து வீட்டுத் தறி எங்கள் சுவரை ஒட்டித்தான் இருக்கிறது. அங்கே நெய்ய ஆரம்பித்துவிட்டார்கள் என்றால் அக்கா தெருவைத் தாண்டிவிட்டார் என்று அர்த்தம். நான் அப்போதும் பேசிக்கொண்டுதான் இருந்தேன்.

மதியம் வேலை முடிந்ததும் எதிர்வீட்டுக்குப் போனேன். எல்லாம் கழுவிவிட்டிருந்தார்கள். காரியம் முடித்துத் திரும்பியிருந்த அவர் கணவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எதிரில் போய் உட்கார்ந்தேன். அவர்தான் பேசினார்.

"வேல நேரத்துல வந்து கூப்ட்டுட்டேன்மா. உங்க ஆபீஸ்ல யாரும் எதனா சொன்னாங்களா?"

அதற்குப்பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

இப்போதும் நியூசிலாந்திலிருந்து யாராவது பக்கத்து வீட்டாருக்காக ஒரு நாள் கேட்டால் உடனே அனுமதி போட்டுவிடுகிறேன். ஆனால் போடும்போதெல்லாம், கடல் தாண்டி இருக்கும் யாரோ ஒருவரைச் சாவு வீட்டுக்கு அனுப்ப அதிகாரம் இருக்கும் எனக்கு, எதிர்வீட்டுக்குப் போய் இரண்டு அரிசி போட அனுமதி இல்லாமல் போனதே என்று மனது கிடந்து அடித்துக்கொள்கிறது.