உயிரோடு இருப்பவரின் சட்டை

இன்று தண்டு மாதா கோயில் கூடத்தில், யுத்தத்தில் காயம்பட்டவர்களுக்காக ஒட்டுத்துணிப் போர்வை தைத்துக்கொண்டிருந்தோம்.

எங்கள் தையல் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. கிழியாத துணியில் கத்திரி வைக்கமாட்டோம். செத்தவர்களின் துணி என்றால் மட்டும் வெட்டலாம்.

எங்களுக்கெல்லாம் ஓரம் மடித்துத் தைக்கச் சொல்லிக்கொடுத்தவள் ரோசம்மா. பட்டாளத்துக்குப் போன கணவரின் வெள்ளைச் சட்டையை இன்று பையிலிருந்து எடுத்தாள். இஸ்திரிகூடக் கலையவில்லை. காலரில் கத்திரியை வைத்தாள்.

எல்லோரும் ஊசியைக் கீழே வைத்தோம். நான்தான் முழங்கால் போட்டு, மரித்தோருக்கான ஜெபத்தை ஆரம்பித்தேன். எல்லோரும் அழுதுகொண்டே சொன்னோம். ரோசம்மாவின் "ஆமென்"தான் எல்லாரையும்விடச் சத்தமாகக் கேட்டது.

"எப்பம்மா தகவல் வந்துச்சு?" என்றேன்.

"அவர் சாகலக்கா. பூனாவுல இன்னொருத்தியோட குடித்தனம் பண்றாரு."

சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோக்கப் பார்த்தாள். நூல் இரண்டு முறை காதுக்கு வெளியே போனது. நான் வாங்கிக் கோத்துக் கொடுத்தேன்.

இப்போது வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒரே யோசனை. உயிரோடு இருப்பவருக்குச் சொல்லிவிட்ட அந்த ஜெபத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள வழி உண்டா?

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அவசரமில்லை.