சிரிக்கச் சொல்லி வாங்கிய வீடு

ஈரம் காயாத சுண்ணாம்பு வாசனை என்றால் எனக்கு இன்றைக்கும் ஆகாது. எங்களுக்கு வீடு விற்றவர், நாங்கள் பார்க்க வருவதற்கு இரண்டு நாள் முன்னால்தான் சுவரெல்லாம் சுண்ணாம்பு அடித்து, வாசலில் பெரிய கோலம் போடவைத்து, வாய் நிறையப் புகையிலையோடு எங்களை வரவேற்றார். சிரித்தபோது அவருடைய பல்லெல்லாம் கறையாக இருந்ததை அம்மா கவனிக்கத்தான் செய்தாள். புகையிலைக் கறை என்று நினைத்துக்கொண்டாள்.

நாங்கள் அப்போது தர்மபுரிப் பக்கத்து இண்டூரில் வாடகைக்கு இருந்தோம், அப்பா பஸ் கண்டக்டர். ஒன்பது வயதான எனக்கு முன்பற்களில் பழுப்புக் கோடுகள் விழுந்திருந்தன, வகுப்பில் பாதிப் பேருக்கு அப்படித்தான். தர்மபுரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் பக்கத்தில் சில இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம், குழந்தையிலிருந்து அதைக் குடித்து வளர்ந்தால், பால்பல் விழுந்து முளைக்கிற பல் காவியேறியேதான் வெளியே வரும், எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. தம்பிக்கு அப்போது மூன்று வயது. "பொண்ணு பல்லுதான் போச்சு, பையன் பல்லாவது தப்பட்டும், நல்ல தண்ணி இருக்கற வூடாப் பாருங்க" என்று அம்மா அப்பாவைப் பிடுங்கி எடுத்தாள். அவள் சொந்த வீடு கேட்டதற்கு வேறு காரணமே கிடையாது.

அந்தத் தண்ணீரை நாக்கில் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, அது பாட்டுக்குச் சாதாரணத் தண்ணீர் மாதிரி இருக்கும். அதனால் எங்கள் பக்கத்தில் வீடு வாங்கப் போகிறவர்கள் கதவு நிலையைத் தட்டிப் பார்ப்பதற்கு முன்னால் அந்த வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சிரிக்கச் சொல்வார்கள். அம்மா இதில் கெட்டிக்காரி. "சின்னதுங்க பல்லப் பாத்து ஏமாறக் கூடாது, புதுசா மொளச்ச பல்லத்தான் பாக்கணும்" என்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் புரோக்கர் முன்னால் போக நாங்கள் பின்னால் போவோம். எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் உதட்டை இறுக்கிக்கொண்டு கதவுக்குப் பின்னால் ஒளிவார்கள், அம்மா விடமாட்டாள், சந்தையில் மாட்டுக்குப் பல் பார்க்கிற மாதிரி தாடையைப் பிடித்துத் தூக்கி, "சிரி சாமி, எங்க, சிரி" என்பாள். பக்கத்தில் நான் என் வாயை மூடிக்கொண்டு நிற்பேன். எனக்கு அருவருப்பாக இருக்கும், அம்மாவின் மேலா, அந்தப் பிள்ளைகளின் பல் மேலா, என் பல் மேலா என்று அப்போது சொல்லத் தெரியவில்லை.

பொம்மிடிப் பக்கம் இருந்த அந்தச் சுண்ணாம்பு வீட்டில் மட்டும் ஒரு பையனும் ஒரு பெண்ணும், இருவருக்கும் பத்து வயதுக்கு மேல் இருக்கும், ஆளுக்கொரு பிஸ்கட்டோடு ஓடிவந்து, சொல்வதற்கு முன்னாலேயே பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்கள். பளிச்சென்ற வெள்ளைப் பல். "நம்ம பசங்கதாங்க" என்றார் வீட்டுக்காரர். அம்மா அடுப்படியைக்கூட எட்டிப் பார்க்கவில்லை. "இதையே முடிச்சிருங்க" என்று அப்பாவின் காதில் சொன்னாள், அந்த மாதமே பத்திரம் பதிவாகிவிட்டது.

பால் காய்ச்சிய அன்றைக்குப் பக்கத்து வீட்டு அக்கா தன் மூன்று பிள்ளைகளோடு வந்தார். மூன்றும் சிரித்தன, மூன்றுக்கும் காவிப் பல். அம்மா கையில் பால் டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டாள். வீட்டுக்காரரின் பிள்ளைகளைப் பற்றி விசாரித்ததும் அந்த அக்கா சாதாரணமாகச் சொன்னார்: "வெள்ளப் பல்லு பசங்களா? அது சேலத்துல இருக்கற அவரு மச்சினன் பசங்க. இவரு பெத்ததுங்க ரெண்டையும் ஆளுங்க வூடு பாக்க வர்றப்பல்லாம் எங்க வூட்லதான் உக்கார வெப்பாரு." அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு புரோக்கரிடம் ஓடினார். அந்த ஆள் பாக்குச் சாற்றைத் துப்பிவிட்டு, "தண்ணி நல்லதுன்னு நான் சொன்னனுங்களா? பசங்க சிரிச்சாங்க, நீங்களே பாத்தீங்க" என்றாராம். இதைவிடக் கேவலமான பேச்சை நான் இன்றுவரை கேட்டதில்லை.

ஒன்றரை மைல் தள்ளியிருந்த ஒரு தோட்டத்துக் கிணற்றிலிருந்து அம்மா குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தாள். குடிக்கத்தான் அது போதும். சோறும் குழம்பும் வீட்டு போர்வெல் தண்ணீரில்தான் கொதித்தன, கோடையில் கிணறு வற்றிவிட்டால் குடிப்பதற்கும் அதேதான். தம்பிக்கு ஏழு வயதில் முன்பல் இரண்டும் முளைத்தன, சுண்ணாம்புப் பொட்டும் பழுப்புக் கோடுமாக. அம்மா அவன் வாயை ஒருமுறை பார்த்தாள், அழுதாள், பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

மறு வருஷம் அப்பாவுக்குச் சேலம் பணிமனைக்கு மாற்றல் வந்தது, வீட்டை விற்றாக வேண்டும். அதே புரோக்கர், அதே சுண்ணாம்பு. வீடு பார்க்க ஆள் வந்த அன்றைக்கு எங்கள் இருவரையும் பக்கத்து வீட்டில் உட்காரவைத்துவிட்டு, சேலத்திலிருந்து வரவழைத்த அத்தை பிள்ளைகளுக்கு அம்மா தன் கையாலேயே தலைவாரிப் பொட்டு வைத்தாள். என் தீபாவளிப் பாவாடை அத்தை மகள் இடுப்பில் இருந்தது. சுற்றுச்சுவரின் ஓட்டை வழியாகப் பார்த்தேன். வந்தவள் இளம்பெண், இடுப்பில் கைக்குழந்தை. "தண்ணி எப்படிங்கக்கா?" என்று அவள் கேட்க, அம்மா அத்தை மகளின் முதுகைத் தட்டி, "சிரி சாமி" என்றாள். "அக்கா, நாம ஏன் அங்க போகக் கூடாது?" என்று தம்பி கேட்டுக்கொண்டே இருந்தான்.

இப்போது தர்மபுரியில் நான் வீடு பார்க்கிறேன். காவிரித் தண்ணீர் குழாயில் வருகிறது, ஏஜென்ட் பையன் அப்ரூவல், லோன், கார் பார்க்கிங் என்று அடுக்குகிறான், பிள்ளைகளை யாரும் சிரிக்கச் சொல்வதில்லை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்தத் தலைகுனிவு ஒழிந்தது, ஒழியட்டும். தம்பி மட்டும் தன் கல்யாண போட்டோ ஒன்றில்கூட வாயைத் திறக்கவில்லை.

போன வாரம் வீடு பார்த்துவிட்டுத் திரும்பும்போது அம்மாவிடம் கேட்டேவிட்டேன், அந்த வீட்டை வாங்கியவளின் கைக்குழந்தையை எப்போதாவது நினைத்துப் பார்த்ததுண்டா என்று. அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அவளும் இந்நேரம் அந்த வூட்ட யார் தலையிலயாவது கட்டிட்டுப் போயிருப்பா" என்றாள்.