இரண்டாம் சட்டை

வந்தவரை உட்காரச் சொல்வதற்கு முன்னால் அவர் சுவரைக் காட்டுவார். கண்ணாடி போட்ட சட்டத்துக்குள் ஒரு நீலச் சட்டை. முதுகில் பழுப்பாக, இஸ்திரிப் பெட்டி படுத்து எழுந்த தடம். "எங்க அக்கா என் கதையைப் படிச்ச லட்சணம் பாருங்க" என்பார். கதை முழுவதையும் நின்றே கேட்டாக வேண்டும்.

ஊருக்கு அவர் மீட்டர்க்காரர். வீடு வீடாக மின்சார மீட்டர் பார்க்கப் போன காலத்தில், கண்டவர் படிக்கட்டில் உட்கார்ந்து எழுதினார். புதையல் காக்கும் உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்ற ஒரு பூதம் குடை ரிப்பேர் கடை வைக்கிறது. விரலோ வாழைத்தண்டு, ஊசியில் நூல் கோக்கவே அரை நாள். அவ்வளவுதான் கதை. ஆனால் தபால்காரர் வாசலில் கடிதக் கட்டோடு நனைந்துகொண்டு நிற்க, பூதம் குடைக் கம்பியை ஒடித்துவிடும் இடத்தில் நமக்கு உயிர் போய் உயிர் வரும்.

அக்காவுக்குச் சலவைக் கடை. கை ஒழியாத வேலை என்பதால் தாள்களைத் துணிக் கொடியில் கிளிப் போட்டு மாட்டச் சொல்லி, தேய்த்துக்கொண்டே படித்தார். கம்பி ஒடிந்த பக்கத்தில் பெட்டி நின்றுவிட்டது. வங்கி மேனேஜரின் சட்டை புகைந்தது. பதிப்பாளர் அந்தச் சட்டையைப் படமெடுத்துப் பின்னட்டையில் போட்டார். புத்தகம் பறந்தது.

மீட்டர்க்காரர் நீண்ட விடுப்பு எடுத்தார். சுழல் நாற்காலி வாங்கினார். கதவில் 'எழுதிக்கொண்டிருக்கிறேன்' என்று அட்டை மாட்டினார். அந்த அட்டையில் இருந்த உழைப்பு கதவுக்கு உள்ளே இல்லை. இரண்டாம் பாகத்தில் ஊசி தானாகவே நூல் கோத்துக்கொள்கிறது. குடை கொண்டு வருகிறவர்களெல்லாம் பூதத்தைக் கட்டிக்கொண்டு நன்றி சொல்கிறார்கள். பக்கத்துக்குப் பக்கம் ஒரு கோப்பை ஆவி பறக்க வருகிறது, ஒருத்தருக்கும் தாகமில்லை. பேசும் பூனை ஒன்று உண்டு. பேசாமல் இருந்திருக்கலாம். குடைக் கடைக் கதை, முந்நூறு பக்கம், ஒரு சொட்டு மழை கிடையாது.

நேற்றுக் காலை பதிப்பாளர் போன் செய்தார்: அட்டை அச்சுக்குப் போகிறது, இந்தத் தடவை அக்கா எதைக் கருக்கினார்? சாயங்காலம் சட்டையோடு வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு மீட்டர்க்காரர் கடைக்கு ஓடினார். தாள்களைக் கொடியில் மாட்டி, ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, இஸ்திரிப் பெட்டியையே பார்த்தார்.

பெட்டி நிற்கவே இல்லை. பத்துச் சட்டை, ஆறு பேண்ட், ஒரு திரைச்சீலை. அப்படியொரு மடிப்பு அந்தக் கடையில் அதுவரை விழுந்ததில்லை. சட்டைக் கையின் ஓரத்தால் காய் நறுக்கலாம். பூனை வாய் திறந்ததும் அக்காவும் வாய் திறந்தார், கொட்டாவிக்கு.

"எப்படிக்கா இருக்கு?"

"எல்லாரும் சௌக்கியமா இருக்காங்க."

"நல்லதுதானே?"

"அவங்களுக்கு நல்லது. நான் எதுக்குடா படிக்கணும்?"

பெட்டியின் சுவிட்சை அணைத்துவிட்டு அக்கா சாப்பிட உள்ளே போனார். சொல் குத்திய குத்தில் சுவிட்ச் தம்பியின் கண்ணில் படவில்லை.

அவர் பையிலிருந்து ஒரு புது நீலச் சட்டையை எடுத்தார். ஆமாம், வரும்போதே கொண்டு வந்திருக்கிறார். பலகையில் குப்புற விரித்து, முதல் பாகத்தின் பின்னட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பழைய தடம் காலரிலிருந்து எத்தனை விரற்கடை என்று அளந்தார், சாய்வு பார்த்தார், பென்சிலால் கோடு போட்டார், அழித்துத் திரும்பப் போட்டார். இதற்கே அரை மணி ஆயிற்று. பிறகு பெட்டியை வைத்து அழுத்தி, கண்ணை மூடிப் பத்து எண்ணினார்.

தூக்கிப் பார்த்தார். பென்சில் கோடு அப்படியே இருந்தது.

உள்ளே தட்டுக் கழுவும் சத்தம் கேட்டது. அவசரமாகப் பெட்டியை மறுபடி அழுத்தி, ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினார்.