பக்கத்துச் சுரங்கத்தின் பங்குகள்

சுரங்கக் கம்பெனிப் பங்குகளை நான் காதால் கேட்டு வாங்கினேன். யாரோ சொன்னதைக் கேட்டு வாங்கினேன் என்று எண்ண வேண்டாம்; அந்த மடமை உலகம் முழுவதும் உண்டு, அதில் எனக்குத் தனிப் பெருமை கிடையாது. நான் இயந்திரச் சத்தத்தைக் கேட்டு வாங்கினேன். சாயங்காலம் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து, கண்ணை மூடி, எந்தச் சுரங்கத்தின் மில் எவ்வளவு உரக்க இடிக்கிறது என்று கணித்து, அதன்படி வாங்கவும் விற்கவும் செய்தேன். கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் யோசனை வேறு சொன்னேன். இப்போது நினைத்தாலும் சோற்றில் கரப்பான் கடிபட்டதுபோல இருக்கிறது.

அப்போது கோலார் தங்கவயலுக்கு ரயில் வந்த புதிது. ஊரிகம் பக்கத்தில் ஒரு சுரங்கத்தின் டைம் ஆபீஸில் நான் ரைட்டர். ஷாஃப்ட் என்ற செங்குத்துக் குழிக்குள் இறங்குகிறவன் பெயருக்கு எதிரே ஒரு கோடு, அவன் உயிரோடு ஏறி வந்தால் இன்னொரு கோடு. இதுதான் என் உத்தியோகம். மற்ற நேரத்தில் படிப்பேன். இங்கிலீஷ் பத்திரிகை, தமிழ் இலக்கணம், தர்க்க நூல், கையில் அகப்பட்டது எல்லாம். இவ்வளவு படித்தவனுக்கு ஒரு வசதி உண்டு. எந்த அபத்தத்தை நம்ப ஆசைப்பட்டாலும் அதற்குத் தகுந்த காரணத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளலாம்.

பூமிக்கடியிலிருந்து வரும் கல்லை மில்லில் இரும்பு உலக்கைகளால் மாவாக இடித்துத்தான் தங்கத்தைப் பிரிப்பார்கள். நீராவி தூக்கித் தூக்கிப் போடும் அந்த உலக்கைகள் இரவு பகலாக விழுந்துகொண்டே இருக்கும். அங்கே பிறந்த குழந்தைகள் அந்தச் சத்தத்தில் தூங்கும். சத்தம் நின்றால் விழித்துக்கொண்டு அழும். புகையைக் கண்டு நெருப்பை ஊகிக்கலாம் என்கின்றன தர்க்க நூல்கள். நாங்கள் இன்னும் கொஞ்சம் முன்னேறினோம். புகை வந்தால் கொதிகலன் எரிகிறது, கொதிகலன் எரிந்தால் உலக்கை விழுகிறது, உலக்கை விழுந்தால் கல் வருகிறது, கல் வந்தால் தங்கம் வருகிறது, தங்கம் வந்தால் பங்கு ஏறுகிறது. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி சொத்தை என்று பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

நாங்கள் என்றால் நானும் ஆஸ்பத்திரி கம்பவுண்டரும் முக்கியஸ்தர்கள். மற்றவர்கள் வருவார்கள், தலையாட்டுவார்கள், வெற்றிலை துப்புவார்கள், போவார்கள். கம்பவுண்டர் வீட்டுப் பின்புறம் இரண்டு பெஞ்சுகள் போட்டிருக்கும். டாக்டர் துரை படித்து முடித்த சென்னைப் பத்திரிகை, முட்டைக் கறையோடு அங்கே வந்து சேரும். லண்டனில் விழுந்த விலை தந்தியில் சென்னைக்கு வந்து, அச்சாகி, ரயிலேறி, துரையின் காலைச் சாப்பாட்டுக்கு அடியில் ஒரு நாள் கிடந்து, எங்களிடம் வரும். அந்த ஊசிப்போன விலையை வைத்துக்கொண்டு, பெங்களூர் கன்டோன்மென்டில் இருந்த ஒரு தரகருக்கு, "உடனே வாங்கவும்" என்று அவசரமாக எழுதுவோம்.

எங்கள் ஊருக்கென்று இதில் ஒரு வழக்கம் இருந்தது. யாரும் தான் வேலை செய்யும் சுரங்கத்தின் பங்கைக் கையில் வைத்திருக்க மாட்டான். அதன் வண்டவாளம் அவனுக்குத் தெரியும். துரை குடிப்பது தெரியும், கயிறு நைந்திருப்பது தெரியும், ஸ்டோர் சாமான் திருட்டுப் போவது தெரியும், சில சமயம் திருடுகிறவனே அவனாக இருப்பான். ஆகவே மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சுரங்கத்தை நம்புவான். அந்தப் பக்கத்தில் இருப்பவன் இந்தப் பக்கத்தை நம்புவான். காலையில் மேட்டைத் தாண்டி இரு திசையிலும் ஆட்கள் வேலைக்குப் போவார்கள். அவர்களுடைய நம்பிக்கை எதிர்த்திசையில் போகும்.

என் மைத்துனன் கதைக்கு வருகிறேன். என் மனைவிக்கு அவன் ஒரே தம்பி. எங்கள் சுரங்கத்தில்தான் கீழே வேலை. ஒரு நாள் ஆட்களை இறக்கும் இரும்புக் கூண்டான கேஜ் பாதி வழியில் நின்றுபோய், பாதி நாள் இருட்டில் ஏழெட்டுப் பேரோடு நின்றபடியே தொங்கினான். மேலே வந்தபோது உடம்பில் ஒரு கீறல் கிடையாது. ஆனால் மறுநாளிலிருந்து, கேஜில் கால் வைக்கும் முன்னால் ஷாஃப்டின் வேலியோரம் போய் வாந்தி எடுப்பான். ஒரு நாளைக்கு இல்லை, தினமும். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு என் ஜன்னலுக்கு வருவான். நான் கோடு போடுவேன்.

"காலையில ஒண்ணும் துண்ண மாட்டேன்றான்," என்றாள் என் மனைவி. "துண்ணு இன்னா பண்றது, வேலிகிட்ட போய்க் கொட்டறதுக்கா அக்கான்னு கேக்கறான்."

அவனுக்கு ஓர் ஆசை இருந்தது. சொந்தமாக வண்டியும் மாடும் வாங்கி, பேத்தமங்களா பக்கத்திலிருந்து கொதிகலன்களுக்கு விறகு ஓட்டுவது. வெயிலில் வேலை. தலைக்கு மேலே வானம். சேர்த்து வைத்திருந்த பணத்தில் வண்டி வாங்கலாம், மாடு வாங்க முடியாது. மாடு வாங்கினால் வண்டி கிடையாது. என்னிடம் யோசனை கேட்டான். கேட்டிருக்கக் கூடாது.

முதலில் நாங்கள் வாங்கியது எங்கள் சுரங்கத்தின் பங்கைத்தான். வழக்கத்துக்கு விரோதமாக ஏன் வாங்கினோம் என்றால், எல்லாவற்றிலும் மலிவாக இருந்தது. மலிவு என்ற வார்த்தைக்கு முன்னால் என் தர்க்கம் படுத்துவிட்டது. பங்குப் பத்திரம் தபாலில் வந்தது. தடித்த காகிதம், மேலே ஒரு மலை, ஒரு பெரிய ஆறு, கரையில் ஒரு யானை. எங்கள் ஊரில் குடிக்கவே தண்ணீர் கிடையாது. சுரங்கத்தின் அடித்தளங்களை லெவல் லெவலாக எண்ணியே பழகிய மைத்துனன் அந்த ஆற்றை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது எந்த லெவல் மாமா?" என்று கேட்டான்.

கொஞ்ச நாளில் எங்கள் சுரங்கத்தில் பம்பு உடைந்தது. கீழே தண்ணீர் ஏறியது. மேலே வரக் கல் இல்லை, மில் நின்றது. ஊர்க் குழந்தைகள் எல்லாம் அழுதன. ஆபீஸில் மேனேஜர் துரை தன் கோட்டைக் கழற்றி நாற்காலியில் வீசி எறிந்ததை என் கண்ணால் பார்த்தேன். அதே சமயம் மேட்டுக்கு அந்தப் பக்கம் புதிதாகத் தொடங்கிய சுரங்கத்தில் மில் ஓடத் தொடங்கியது. என்ன சத்தம்! சாயங்காலம் கம்பவுண்டர் வீட்டுப் பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணை மூடி, சங்கீதம் கேட்பதுபோலக் கேட்டோம்.

"மூச்சு வாங்காம இடிக்கறான் ரைட்டரே," என்றார் கம்பவுண்டர். "கல்லு மலைமாதிரி குமிஞ்சு கெடக்குது போல."

"தாளம் தப்பவே இல்லை, கவனிச்சீங்களா?" என்றேன் நான். தாளத்துக்கும் தங்கத்துக்கும் என்ன உறவு என்று யாரும் கேட்கவில்லை.

மைத்துனனைக் கூப்பிட்டு, நம்முடையதை விற்று அந்தப் பக்கத்தை வாங்கலாம் என்றேன். கீழே தினமும் இறங்குகிறவன், அவனுக்கென்று ஒரு கருத்து இருக்கும் என்று பேச்சுக்குக் கேட்டேன்.

"வித்துடுங்க மாமா," என்றான் உடனே. "அந்தப் பொந்துல இன்னா கீது? தண்ணி, சேறு, பீ நாத்தம். அதுல தங்கம் இருந்தாலும் எனக்கு வேணாம்."

நான் சத்தத்தை நம்பி முடிவு செய்தேன். அவன் குமட்டலை நம்பி முடிவு செய்தான். இரண்டு பேரும் ஒத்துப்போனதால் அது சரியான முடிவு என்று எனக்குப் பட்டது. வாங்கிய விலைக்குக் கீழே விற்று, ஏறிய விலைக்கு மேலே வாங்கினோம். புதுப் பத்திரத்தில் யானை இல்லை. மாட்டுக் கொம்பு ஒன்றிலிருந்து பழங்களைக் கொட்டும் ஒரு வெள்ளைக்காரி இருந்தாள்.

வாங்கிய பிறகுதான் போய்ப் பார்க்கத் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை, நான் கோட்டும் தலைப்பாகையும் போட்டுக்கொண்டேன். மைத்துனன் வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டான். முதலாளிகள் இருவரும் மேட்டைத் தாண்டி எங்கள் சொத்தைப் பார்வையிடப் போனோம். மில் மேஸ்திரி எனக்கு முகப்பழக்கம். காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு நின்றார். எங்களைச் சத்தத்துக்கு வெளியே, ஒரு கல் குவியல் பக்கம் அழைத்து வந்தார்.

"இன்னா ரைட்டரே, இந்தப் பக்கம்?"

"சும்மா. மில்லைப் பார்க்கலாம்னு."

"மில்லுல இன்னா கீது பார்க்க? கல்லு போவுது, மாவு வருது."

"எந்த லெவல்லேர்ந்து வர கல்லு?" என்று கேட்டான் மைத்துனன், தொழில் தெரிந்தவனாக.

மேஸ்திரி சிரித்தார். "லெவலா? தோ, அந்தக் குன்னுல ஒடச்சது. ரோட்டுக்குப் போட வெச்சிருந்த கல்லு."

"ரோட்டுக் கல்லுலயும் தங்கம் இருக்குதா?" என்றேன். அது நான் கேட்ட கேள்விதான். ஒளிக்கவில்லை.

"ரோட்டுல இன்னா இருக்குமோ அது இருக்குது. சத்தம் நிக்கக் கூடாதுன்னு தொரை உத்தரவு. லண்டன்லேர்ந்து ஆளுங்க வராங்களாம், பங்கு விக்கணுமாம். பொகையும் வரணும், சத்தமும் வரணும். எனக்கு இன்னா? கூலி வருது."

மைத்துனன் அந்தக் கல் குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டான். வெளுத்த வேட்டி என்று நினைக்கவில்லை. மேஸ்திரி அதைக் கவனிக்காமல் என் காதருகே குனிந்தார். வாயில் புகையிலை நாற்றம்.

"நானும் பங்கு வாங்கி வெச்சிருக்கறேன், தெரியுமா?"

"இந்த மைன்லயா?"

"இதுலயா? எனக்கு இன்னா பைத்தியமா? உங்க மைன்ல. உங்க மில்லு நின்னு எம்மா நாளாச்சு. தொரைங்க சும்மா நிறுத்துவாங்களா? கீழ எதையோ பார்த்துட்டாங்க. வெளிய தெரிஞ்சா வெல ஏறிடும்னு கம்முனு கெடக்கறாங்க. ஆபீஸ்ல கீறீங்களே, நெஜத்த சொல்லுங்க."

"பம்பு உடைஞ்சுபோச்சுய்யா. உள்ளே பூரா தண்ணி," என்றேன்.

அவர் கண்ணடித்தார். "சொல்ல மாட்டீங்க. சொல்லவும் கூடாது."

மேட்டைத் தாண்டித் திரும்பினோம். அந்தக் கண்ணடிப்பு என் மேல் எச்சில்போல ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த ஆள் முட்டாள் என்பது நிச்சயம். ஆனால் நான் அவனைவிட முட்டாள் என்பதற்குச் சாட்சி என் பக்கத்திலேயே நடந்து வந்துகொண்டிருந்தது.

பங்கைத் தள்ளிவிட அன்றைக்கே தரகருக்கு எழுதினேன். எங்களுக்குத் தெரிந்தது அதற்குள் பெங்களூருக்கும் தெரிந்திருந்தது. வாங்க ஆள் இல்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது. லண்டன் ஆட்கள் வந்தார்கள், பிரியாணி சாப்பிட்டார்கள், போனார்கள். ஒரு நாள் காலையில் அந்த மில் நின்றது. அந்தப் பக்கத்துக் குழந்தைகள் அழுதன.

எங்கள் சுரங்கத்துக்குப் புதுப் பம்பு வந்தது. தண்ணீரை இறைத்தார்கள், இன்னும் ஆழமாகத் தோண்டினார்கள், தங்கம் ஓடும் பாறை அகப்பட்டது. அந்தப் பாறையை உடைத்த கும்பலில் என் மைத்துனனும் இருந்தான். விற்றிராவிட்டால் மாடு என்ன, மாட்டுச் சந்தையே வாங்கியிருக்கலாம் என்று கம்பவுண்டர் ஆறுதல் சொன்னார். அவரும் எங்களோடு சேர்ந்து விற்றவர்தான். ஆனால் நான் சொல்லித்தான் விற்றதாக ஆஸ்பத்திரிக்கு வரும் நோயாளிகளிடமெல்லாம் சொல்லி, மருந்தோடு சேர்த்துக் கொடுத்தார். மில் மேஸ்திரி வேலையை விட்டுவிட்டு, பங்காருபேட்டையில் வீடு கட்டினார். தெருவில் என்னைப் பார்க்கும்போதெல்லாம், ஆபீஸ் ரகசியத்தைக் காட்டிக்கொடுத்த உபகாரிக்குச் செய்வதுபோலக் கும்பிடு போட்டார். அதற்குப் பயந்து நான் சந்து வழியாகப் போகத் தொடங்கினேன்.

மைத்துனன் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. தினமும் வேலியோரம் போனான், வாயைத் துடைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்தான். அவன் பெயருக்கு எதிரே கோடு போடும்போது என் பேனா கீறியது. பேனாவைக் குறை சொல்லி முனையை மாற்றினேன், மறுநாளும் கீறியது.

கடைசியில் எங்கள் மேனேஜர் துரையிடம் போனேன். அதுவரை போகாததற்குக் காரணம் வெட்கம். பத்திரிகையில் லண்டன் விலை பார்க்கிற ஒரு பங்குதாரர், மைத்துனனுக்கு வேலை மாற்றிக் கொடுங்கள் என்று கூலிக்காரனைப்போலக் கைகட்டி நிற்பதாவது என்று இருந்தது. நிற்கும்போது சொல்ல வேண்டியதை இங்கிலீஷில் நெட்டுருப் போட்டிருந்தேன். குடும்ப நிலை, உடல் நிலை, கம்பெனியின் புகழ் பெற்ற கருணை, எல்லாம் வரிசையாக இருந்தன. துரை பைப்பைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். முதல் வாக்கியம் முடிவதற்குள், "யார், வேலிகிட்ட வாந்தி எடுப்பானே, அவனா?" என்றார்.

"ஆமாம், துரைகளே."

"மேலே மரக்கிடங்கில் போடு. திங்கட்கிழமையிலிருந்து." திரும்பவும் பைப்பைக் குடையத் தொடங்கினார். நெட்டுருப் போட்ட கருணை என் தொண்டையிலேயே நின்றது.

மரக்கிடங்கில் கூலி குறைவு. ஆனால் மேலே கூரைகூட இல்லை, வெறும் வானம். முதல் நாள் சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து, மரத்தூள் ஒட்டிய கையைக் கழுவிக்கொண்டு, அக்கா வைத்ததையெல்லாம் சாப்பிட்டான். இரண்டாம் முறை சோறு கேட்டான். நான் எதிரே உட்கார்ந்து, துரையிடம் எப்படிப் போனேன், எப்படி நின்றேன், எப்படி ஒரே வாக்கியத்தில் காரியத்தை முடித்தேன் என்று விவரமாகச் சொன்னேன். கொஞ்சம் கூட்டியும் சொன்னேன். அவன் தட்டை வழித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தான். கோபமே இல்லை.

"கேட்டா குடுத்துடறாருன்னா, இத மொதல்லியே கேட்டிருக்கலாமே மாமா."